இரசாயனம்: ஒரு சொல்லும் ஒரு லேகியமும் கல்கத்தாவில் பிரிந்த வரலாறு

இன்றைய தமிழில் ‘இரசாயனம்’ என்றால் உரமும் பூச்சிக்கொல்லியும் நினைவுக்கு வருகின்றன. ‘இரசாயனம் கலவாதது’ என்பதே உணவுக்கு நற்சான்று. ஆனால் சரக சம்ஹிதையில் அச்சொல் முதுமையைத் தள்ளிப்போட்டு உடலையும் நினைவாற்றலையும் பேணும் முறையைக் குறித்தது. அம்முறையின் புகழ்பெற்ற பண்டம் சியவனப்பிராசம். சொல் ஒரு திசையிலும் பண்டம் வேறொரு திசையிலும் சென்ற வரலாற்றில் கல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு.

சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி இரசாயனத்தோடுதான் தொடங்குகிறது. 500 நெல்லிக்கனிகளை மூலிகைகளோடு வேகவைத்து, நெய், எண்ணெய், சர்க்கரை, தேன், திப்பிலி ஆகியவற்றைச் சேர்க்கும் செய்முறை அங்கு உள்ளது. தளர்ந்த முதியவரான சியவன முனிவர் இதனால் இளமை பெற்றார் என்பது நூலின் கூற்று. ‘பிராசம்’ என்ற சொல்லும் உண்ணுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்ததே. எனினும் நூல் லேகியத்தோடு நிற்பதில்லை. முன்னதாக உடலைத் தூய்மை செய்தல் வேண்டும் என்கிறது. உண்மை பேசுதல், சினம் தவிர்த்தல், அளவான உறக்கமும் விழிப்பும், நாள்தோறும் பாலும் நெய்யும் உண்ணல் ஆகியவற்றை ‘ஆசார இரசாயனம்’ என்று தனியே வகுக்கிறது. அதாவது, உணவு ஒரு வாழ்க்கை ஒழுங்கின் உறுப்பு.

1884இல் எஸ். கே. பர்மன் என்ற மருத்துவர் கல்கத்தாவில் மருந்துத் தொழிலைத் தொடங்கினார். ‘டாக்டர்’, ‘பர்மன்’ என்னும் இரு சொற்களின் முதலெழுத்துகள் இணைந்து ‘டாபர்’ என்ற பெயர் உருவானது. அதே நகரில் பிரசிடென்சி கல்லூரி வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் 1901இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். உள்நாட்டு மூலிகை மருந்துகளை நவீன ஆய்வகத்தில் தயாரிப்பது அதன் பணிகளுள் ஒன்று. 1902, 1909 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்த அவரது இந்து வேதியியல் வரலாறு, முதுமை தடுக்கும் மருந்தைக் குறித்த ‘இரசாயனம்’ பின்னர் பாதரசத்தையும் உலோகங்களையும் சார்ந்த கலைக்குப் பெயரானதைப் பதிவு செய்கிறது. இன்றைய வங்காளத்தில் ‘ரசாயன்’ என்பது வேதியியலின் பெயர்.

பண்டத்தின் பயணம் வேறு. வைத்தியர் நோயாளியின் உடல்வாகை அறிந்து கொடுத்த லேகியத்தை 1949இல் டாபர் தன் பெயரில் பொதியிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இனி உண்பவர் யாராயினும் பொருளும் அளவும் ஒன்றே. லேகியம் புட்டிக்குள் அடங்கியது. அதைச் சூழ்ந்திருந்த ஒழுங்கு அடங்கவில்லை.

உடல்நலத்துக்குக் கூடுதல் பயன் தரும் உணவைச் ‘செயல்பாட்டு உணவு’ என வகைப்படுத்தும் எண்ணம் ஜப்பானில் 1980களில் உருவாகி, 1991இல் சட்ட வடிவம் பெற்றது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வகையை வரையறுக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளை அதிலிருந்து விலக்குகிறது. ஆகவே ஆயுர்வேத மருந்தாக உரிமம் பெற்று விற்கப்படும் சியவனப்பிராசம், காலை உணவோடு கரண்டியால் உண்ணப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் உணவு அன்று.

இப்பிரிவினை பெயரளவிலானது மட்டுமன்று. நெல்லியில் வைட்டமின் சி, பாலிபீனால் சேர்மங்கள் இருப்பது உண்மை. ஆனால் கனியில் ஒரு சேர்மம் இருப்பதும், அது வேகவைத்த லேகியத்தில் எஞ்சியிருப்பதும், உண்பவரின் முதுமையை நலமாக்குவதும் தனித்தனியே நிறுவப்பட வேண்டிய மூன்று கூற்றுகள். விளம்பரம் முதலாவதைச் சொல்லி மூன்றாவதை நம்பச் செய்கிறது. நீரிழிவுள்ள முதியவருக்கு லேகியத்திலுள்ள சர்க்கரையே முதற்கேள்வியாகிவிடும். மரபைச் சான்றாகக் காட்டும்போதும், அம்மரபு லேகியத்தோடு உறக்கத்தையும் உணவொழுங்கையும் சேர்த்தே விதித்தது என்பதை மறைத்தல் தகாது. முதுமை ஆய்வில் சியவனப்பிராசத்தைச் சோதிப்போர், புட்டியைத் தனியாகவும் அந்த ஒழுங்கோடு இணைத்தும் ஒப்பிட்டால்தான், சரகர் ‘இரசாயனம்’ என்றழைத்தது உண்மையில் சோதிக்கப்பட்டதாகும்.