நம் வளாகத்துத் தென்னையும் அதன் பூர்வீகமும்

பி பிளாக் பின்புறம் நிற்கும் இரண்டு தென்னைகளை வெட்டுவதா வேண்டாமா என்பது அடுத்த பொதுக்குழுவில் தீர்மானத்துக்கு வருகிறது. கார் கண்ணாடியில் தேங்காய் விழுந்ததுதான் காரணம். கை தூக்கும் முன் இந்த மரத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

தென்னை என்றுமே கணக்கில் வந்த மரம். பட்டினப்பாலையிலேயே 'தெங்கு' வருகிறது. பல்லவர் செப்பேடுகளில் 'ஈழம்பூட்சி' என்றொரு வரி உண்டு. தென்னை, பனையில் கள் இறக்குவதற்கானது. சோழர்கள் ஊர்களைத் தானம் கொடுத்தபோது, அங்கே தென்னந்தோப்பு வைத்துக்கொள்ளலாம் என்பதையும் ஓர் உரிமையாகச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தென்னை வைப்பதும் எழுத்தில் பெற வேண்டிய உரிமையாக இருந்திருக்கிறது.

நம் வீடுகளில் அதன் இடம் கிணற்றடி. பாத்திரம் கழுவிய தண்ணீரே அதற்குப் போதும். ஆனால் நெட்டை ரகம் காய்க்க 6, 7 வருஷம் ஆகும். பிறகு 60 வருஷத்துக்கு மேல் பலன் தரும். குட்டை ரகம் 3, 4 வருஷத்தில் காய்க்கும், ஆயுள் குறைவு. இரண்டின் நல்ல குணங்களையும் சேர்க்க முடியுமா என்று முயன்றது அன்றைய சென்னை மாகாணம்தான். 1916-இல் காசர்கோடு பகுதியில் தென்னை ஆராய்ச்சி நிலையங்கள் தொடங்கின. 1932-இல் நீலேசுவரத்தில் ஜே.எஸ். படேல் நெட்டையையும் குட்டையையும் இணைத்து உலகின் முதல் கலப்பினத் தென்னையை உருவாக்கினார். பின்னாளில் பட்டுக்கோட்டை பக்கம் வேப்பங்குளம் நிலையமும் கலப்பின ரகங்களை வெளியிட்டது.

நம்முடையவை இரண்டும் பழைய நெட்டை. பாளை வெடித்துக் காய் முற்ற சுமார் 12 மாதம் ஆகும். 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை பறித்தால், முற்றிய காய் தானாக விழும் வாய்ப்பு மிகவும் குறையும். நாம் பறிக்க ஆளே ஏற்பாடு செய்யவில்லை. மரம் ஏற ஆள் இல்லை என்பது ஊரெங்கும் உள்ள குறைதான். அதற்காகவே தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் கருவி மூலம் மரம் ஏறும் பயிற்சியைத் தொடங்கியது.

பராமரிப்பும் பெரிய வேலை இல்லை. வருஷத்துக்கு ஒரு மரத்துக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். இரண்டு தவணையாக, மரத்தைச் சுற்றி 6 அடி வட்டத்துக்குள் இட வேண்டும். பச்சை மட்டையை வெட்டக் கூடாது. ஒவ்வொரு மட்டை இடுக்கிலும்தான் ஒரு பாளை வருகிறது. காய்ந்த மட்டையை மட்டும் காய் பறிக்கும்போதே இறக்கிவிடலாம். தென்னைக்கு ஒரே குருத்துதான். காண்டாமிருக வண்டு அதைக் குடைந்துவிட்டால் மரமே போகவும் கூடும்.

என் யோசனை இதுதான்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் பறிக்கும் கூலியைப் பராமரிப்புக் கணக்கில் சேர்ப்போம். மரத்தடியில் இருக்கும் இரண்டு கார்களுக்கு வேறு இடம் ஒதுக்குவோம். வெட்டுவது ஒரு மணி நேர வேலை. மறுபடி நெட்டை வைத்துக் காய் பார்க்க 7 வருஷம் ஆகும். என் வயதுக்காரர்களுக்கு அது பெரிய கணக்கு. பொதுக்குழுவில் சந்திப்போம்.