வாளின் கைக்காப்பில் ஒன்பது கோள்கள்

ஜப்பானிய வாள் என்றதும் நம் நினைவில் எழுவது அதன் கூரிய அலகே. ஆயினும் அலகு உறைக்குள் உறங்குவது. பிறர் கண்ணில் படுவன அதன் அணிகளே. பிடிக்கும் அலகுக்கும் இடையே கையைக் காக்கும் உலோகத் தகடு 'ட்சுபா' எனப்படும். பிடியின் இரு முனைகளில் பொருந்துவன 'ஃபுச்சி', 'கஷிரா' என்னும் பூண்கள். இவற்றில் உடையவரின் குலச்சின்னமான 'மோன்' பொறிக்கப்படுவதுண்டு.

இச்சின்னங்களுள் ஒன்று நமக்கு அயலானதன்று. நடுவே ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் எட்டு வட்டங்கள்: இதற்குக் 'குயோ' என்று பெயர். இந்தியாவின் நவக்கிரகக் கருத்து பௌத்தத்தின் வழியே சீனம் கடந்து ஜப்பானை அடைந்ததன் அடையாளம் இது. ஞாயிற்றை நடுவில் நிறுத்தி மற்றக் கோள்களைச் சுற்றிலும் வைக்கும் நம் கோயில் மரபை இதனோடு ஒப்புநோக்கலாம்.

ஹொசோகாவா குலத்தின் சின்னம் இதுவே. 1632இல் அக்குலம் கியூஷு தீவின் ஹிகோ நாட்டைப் பெற்றது. அதன் ஆதரவில் வளர்ந்த ஹிகோ கொல்லர்கள் இரும்பின்மேல் நுண்ணிய குறுக்குக் கோடுகளைக் கீறி, அவற்றில் பொற்றகட்டை அடித்துப் பதிப்பதில் தேர்ந்தவர்கள்.

சின்னம் பெருமைக்கு மட்டுமன்று, ஆளை அறிவதற்கும் உரியது. அவ்வறிதல் பிழைத்தால் விளைவது யாது? 1747இல் எதோ கோட்டையில் ஹொசோகாவா முனெதாகா வெட்டுண்டு மாண்டார். வெட்டியவர் இதாகுரா கட்சுகானே. அவர் கொல்லக் கருதியது தம் குலத் தலைவரை என்றும், அவருடைய சின்னமும் ஒன்பது வட்டங்களால் ஆனதாகையால் ஆள்மாறாட்டம் நேர்ந்தது என்றும் கூறுவர். அதன்பின் ஹொசோகாவாக்கள் புறவட்டங்களைச் சிறிதாக்கி, நடுவட்டத்தினின்று விலக்கித் தம் சின்னத்தை வேறுபடுத்திக்கொண்டனராம்.

1876இல் மெய்ஜி அரசு பொதுமக்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. அணிகலன் செய்தோர் பிழைப்பிழந்தனர். புகழ்பெற்ற கானோ நட்சுவோ (1828–1898) அதற்கு முன்னரே புதிய அரசின் நாணயங்களுக்கு அச்சு செதுக்கத் தொடங்கியிருந்தார். வேலையற்றுப்போன ட்சுபாக்கள் பல்லாயிரமாக மேலைநாடுகளுக்குச் சென்றன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இன்றும் அவற்றைக் காணலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சின்னம் இருப்பதனாலேயே அப்பொருள் அக்குலத்தாருடையது என்று துணிதல் ஆகாது. சின்னம் பொறித்த பொருள்கள் பரிசாக வழங்கப்பட்டன. வெறும் அழகுக்காகவும் சின்னங்கள் பதிக்கப்பட்டன. கோட்டைக்குள் ஒருவர் உயிரைக் குடித்த அதே மயக்கம், இன்று ஆய்வாளர் முன்னும் நிற்கிறது.