பிள்ளை பேசியதை யார் எழுதி வைத்தார்கள்?

1870களில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருப்பெருந்துறைப் புராணத்தை அரங்கேற்ற ஆவுடையார்கோயிலுக்கு வந்து தங்கினார். மாணவர் உ.வே. சாமிநாதையரும் கூட இருந்தார். ஆசிரியர் பத்துப் பிள்ளைத்தமிழ் பாடியவர். குழந்தையைப் பாடுவதையே தனியொரு இலக்கிய வகையாக வளர்த்த மொழியில், அந்த வகையை அவர் அளவுக்குக் கையாண்டவர்கள் அரிது. ஆனால் பிள்ளைத்தமிழில் பேசுவது யார் என்று பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பருவம் பருவமாகப் பாட்டு நகர்கிறது. தலையாட்டு, கைதட்டு, முத்தம் கொடு, வா என்று கேட்பவர்கள் பெரியவர்கள். சிற்றில் பருவத்தில் மணல்வீட்டைச் சிதைக்காதே என்று கெஞ்சுபவர்கள் சிறுமியர். பாட்டுடைத் தலைவனான குழந்தை பதில் ஒன்றும் சொல்வதில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழிலிருந்து வரும் மரபு இது. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, ஏட்டில் மட்டும் அது ஊமையாக இருக்கிறது.

குழந்தைப் பேச்சைத் தமிழர்கள் ரசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் அதைக் குழலுக்கும் யாழுக்கும் மேலே வைத்துவிட்டார். அதியமானைப் பாடும் புறநானூற்று 92ஆம் பாட்டில் ஔவையார் இன்னும் நேர்மையாகப் பேசுகிறார். யாழோடு ஒப்பிட முடியாது, தாளத்துக்கும் நிற்காது, பொருளும் விளங்காது; ஆனாலும் பெற்றவன் மனம் இளகிவிடுகிறது என்கிறார். எனக்கு வள்ளுவரைவிட ஔவையாரின் காதுதான் நம்பகமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு பேரும் கேட்டது ஓசையை. என்ன சொன்னது என்பது இருவருக்கும் பொருட்டில்லை. கலித்தொகையின் மருதக்கலியில் மட்டும், தகப்பனை அழைக்கும் குதலைச்சொல் ஒன்று அப்படியே பதிவாகியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பாராட்டுக்குக் கையிருப்பு அவ்வளவே என்பது என் கட்சி.

சம்பந்தரை மறந்துவிட்டாயா என்று கேட்கலாம். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதில் பதிகம் பாடிய பிள்ளை அல்லவா? தகப்பனுக்குப் பிரணவப் பொருள் சொன்ன சுவாமிமலை முருகன் இல்லையா? நாவல்மரத்தின் மேல் உட்கார்ந்து சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டு ஔவையையே மடக்கிய மாட்டுக்காரப் பையன்? கடைசி உதாரணம் வலுவானது. பெரியவர்கள் வாயடைத்துப் போகும்படி ஒரு சிறுவன் குறும்பாகக் கேட்பதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறது. ஆனால் கதை முடியும்போது பையன் பையனாக இருப்பதில்லை, வேலும் மயிலுமாக நிற்கிறான். கேள்வி கெட்டிக்காரத்தனமாக இருந்தால் கேட்டது சாமியாகத்தான் இருக்க வேண்டும் என்று மரபு தீர்ப்பு எழுதிவிடுகிறது. பெரியவர்களைப்போலப் பேசிய பிள்ளைக்கு ஏட்டில் இடம் உண்டு; பிள்ளையைப்போலப் பேசிய பிள்ளைக்கு இல்லை.

அப்படிப் பேசும் பிள்ளை என்ன சொல்லும்? “நாளைக்குக் கோயிலுக்குப் போனோமே” என்னும். “அப்பத்தா சின்னப் புள்ளையா இருந்தப்ப நாந்தான் தூக்கிட்டுப் போனேனா?” என்னும். முதலாவதில் நேற்றும் நாளையும் ‘இன்றைக்கு அல்லாத நாள்’ என்ற ஒரே பெட்டியில் கிடக்கின்றன. இரண்டாவதில் ஒரு நியாயமே ஓடுகிறது: தூக்குகிறவர் பெரியவர், தூக்கப்படுகிறவர் சிறியவர், ஆள் மாறினால் முறையும் மாற வேண்டும்தானே? இதையெல்லாம் குறித்து வைக்கலாம் என்று மற்ற நாட்டாருக்கும் வெகுகாலம் தோன்றவில்லை. டார்வின் தன் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகளை 1877இல்தான் கட்டுரையாக்கினார். ருஷ்யாவில் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி பிள்ளைகளின் வாய்மொழிகளைச் சேர்த்து ‘இரண்டிலிருந்து ஐந்துவரை’ என்று புத்தகமாக்கியது 20ஆம் நூற்றாண்டில். பிள்ளையின் தப்புக்குள்ளேதான் அது மொழியைக் கற்கும் விதி இருக்கிறது என்பது அவர் வாதம்.

இங்கே ஏன் தாமதம்? கண் பட்டுவிடும் என்ற பயம் ஒரு காரணம். பிள்ளையின் சூட்டிகையை வெளியே சொல்லாதே என்று அடக்குவது இன்றும் உண்டு. ஆனால் அது பெரிய காரணம் இல்லை. பயந்தாலும் பக்கத்து வீட்டில் சொல்லாமல் இருந்தவர்கள் குறைவு. பெரிய காரணம், கேட்டவர்கள் கையில் எழுத்தாணி இல்லை. நாளெல்லாம் பிள்ளையோடு இருந்தவர்கள் தாயும் அப்பத்தாவும் அம்மாயியும். 1901 கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். எழுதத் தெரிந்த ஆண், பிள்ளை பேசும் நேரத்தில் திண்ணையிலோ கச்சேரியிலோ இருந்தான்.

பிற்பாடு பிள்ளைப் பேச்சை ஏட்டுக்குக் கொண்டுவர, அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த இராயவரத்திலிருந்து இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் பதிப்பாளர் ‘சக்தி’ வை. கோவிந்தன். இன்னொருவர், 1922இல் பிறந்து கோவிந்தனின் சக்தி காரியாலயத்திலேயே வேலைக்குச் சேர்ந்த அழ. வள்ளியப்பா. 1944இல் வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ என்ற குழந்தைப் பாட்டுத் தொகுப்பு வந்தது. பாரதியின் பாப்பா பாட்டு குழந்தையைப் பார்த்துப் பேசியது என்றால், வள்ளியப்பாவின் பல பாட்டுகளில் குழந்தையே பேசியது. அதுவும் பெரியவர் எழுதிக் கொடுத்த வசனம்தானே என்றால், மறுக்கமாட்டேன். பாட்டுக்கு எதுகை வேண்டும், சந்தம் வேண்டும். நிஜப் பிள்ளை இரண்டையும் மதிப்பதில்லை. ஆனாலும் ‘நான்’ என்று சொல்லும் உரிமை பிள்ளைக்குக் கிடைத்தது சின்ன மாற்றம் இல்லை. உரைநடைக்கு அந்தத் தளை கிடையாது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வந்தது. அதில் வரும் வள்ளி, அப்பா தினமும் வெறுங்கையோடு வருவதற்கு எதிராகத் தொடுக்கும் வழக்கைப் படித்தால், எந்த வீட்டிலிருந்தும் எடுத்து வைத்ததுபோல இருக்கும். கடவுளே எதிரில் இருக்கிறார். கதையில் பிள்ளையாகப் பேசுவது பிள்ளைதான்.

அதற்குப் பிறகு பத்திரிகைகள் வந்து, ‘குட்டீஸ் குறும்பு’ போன்ற தலைப்புகளில் வாசகியரையே எழுதச் சொல்லின. கதை மெருகேறியிருக்கும், பிள்ளை சொல்லாததும் கலந்திருக்கும், நம்ப முடியாது என்பார்கள் ஆய்வாளர்கள். மெருகு இருக்கும்தான். ஆனால் அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள், பிள்ளை பேசியபோது அடுப்படியில் இருந்தவர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். எழுத்துக் கூட்டப் பழகிய அந்தத் தாய்மார்களின் பேத்திகள் இன்று பேசுவதைக் கைபேசி படம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை அதற்கென்று பேசக் கற்றுக்கொள்கிறது. அப்பத்தாவைத் தூக்கிக்கொண்டு போன கதை, படம் எடுக்க நினைப்பதற்கு முன்னாலேயே சொல்லி முடிந்துவிடும். அதற்கு இப்போதும் ஒரு நோட்டும் பேனாவும்தான் வேண்டும்.