இல்லை என்பதற்கு ஒரு சாட்சி: மொராக்கோ மலை வால்நட்டின் கதை

ஐரோப்பாவில் ஆர்கானிக் பாதாமோ வால்நட்டோ வாங்கினால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பச்சை நிறத்தில், இலை வடிவமாக அடுக்கிய வெள்ளை நட்சத்திரங்கள் தெரியும். பக்கத்தில் ஒரு குறியீடு இருக்கும். அந்தப் பொருளைச் சோதித்த நிறுவனத்தின் அடையாளம் அது. அதன் கீழே, எங்கே விளைந்தது என்று ஒரு சிறு வரி. அந்த வரிக்காக எங்கோ ஒரு மலைக் கிராமம் சில ஆண்டுகள் காத்திருந்திருக்கலாம். அப்படிப்பட்ட மலைகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மரம் ஒன்று, சொந்தக்காரர் பலர்

மொராக்கோவின் நடுவே ஹை அட்லஸ் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சியான டூப்கால் 4,167 மீட்டர் உயரம். இந்த மலைகளில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் அமாசிக் மக்கள். ஊரில் பேசுவது தங்கள் சொந்த மொழி. அந்த மொழிக்கு 2011ஆம் ஆண்டின் அரசியலமைப்பில்தான் அரபுக்குப் பக்கத்தில் ஆட்சிமொழி இடம் கிடைத்தது.

அஸ்னி, இம்லில், ஊரிக்கா பள்ளத்தாக்குகளில் வால்நட் மரங்கள் வளர்கின்றன. தெற்கே ஆன்டி அட்லஸ் மலையில் உள்ள தஃப்ராவுத் பாதாமுக்குப் பேர்போன ஊர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, வாய்க்காலில் தண்ணீர் கொண்டுவந்து பயிர் செய்கிறார்கள். ஒரு குடும்பத்திடம் இருப்பது சில துண்டு நிலமும் சில மரங்களும்தான்.

இங்கே நிலம் ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் மரம் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். தாத்தா நட்ட ஒரே வால்நட் மரத்தைப் பேரப்பிள்ளைகள் பலர் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

செப்டம்பர் மாதம் அறுவடை. மரத்தில் ஏறி நீண்ட கழியால் அடித்துக் காய்களை உதிர்ப்பார்கள். விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பச்சைத் தோலை உரிக்கும்போது கைகளில் கறுப்புக் கறை ஏறும். அது நாள்கணக்கில் போகாது. இவ்வளவு உழைத்தும் பலர் காயை உடைக்காமல் மூட்டையாகவே வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். காசு அவசரம் என்றால் காய் மரத்தில் இருக்கும்போதே விலை பேசிவிடுவார்கள். உடைப்பது, தரம் பிரிப்பது, பாக்கெட் போடுவது எல்லாம் வேறு இடத்தில் நடக்கிறது. லாபமும் அங்கேதான் தங்குகிறது.

ஆர்கானிக் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

மலை விவசாயிகள் பலர் ரசாயன உரமோ பூச்சிமருந்தோ போட்டதே இல்லை. வாங்கப் பணமில்லை, பழக்கமும் இல்லை. ஆட்டு எருதான் உரம். ஆனால் அதற்கு ஒரு பெயரும் விலையும் இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெயர் பிறந்தது இங்கிலாந்தில். 1940இல் நார்த்போர்ன் பிரபு தன் புத்தகத்தில் 'ஆர்கானிக்' விவசாயம் என்று எழுதினார். அதே ஆண்டு ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற விஞ்ஞானியும் ஒரு முக்கியமான புத்தகம் வெளியிட்டார். அவர் இந்தியாவில் நீண்டகாலம் வேலை செய்தவர். இந்தூரில் குப்பையையும் சாணத்தையும் மக்கவைத்து உரமாக்கும் முறையை உருவாக்கியவர். இந்திய விவசாயிகளைத் தன் ஆசிரியர்கள் என்றே அவர் கருதினார். ஆக, கிராமத்து அறிவு ஐரோப்பாவுக்குப் போய்ப் புத்தகமாயிற்று. பிறகு சட்டமாகவும் ஆயிற்று.

1972இல் உலக அளவிலான ஆர்கானிக் கூட்டமைப்பு பிரான்சில் தொடங்கியது. 1991இல் ஐரோப்பா தன் முதல் ஆர்கானிக் சட்டத்தை இயற்றியது. அமெரிக்காவின் தேசிய விதிகள் 2002இல் நடைமுறைக்கு வந்தன. மொராக்கோ 39-12 என்ற எண்ணுள்ள தன் சட்டத்தை 2013இல் பிறப்பித்தது. அதற்கு முன்பே அங்கிருந்து ஆர்கானிக் பொருள்கள் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன, வாங்கும் நாடுகளின் விதிப்படி.

இல்லாததை எப்படி நிரூபிப்பது?

சான்றிதழ் கேட்கும் கேள்வி சுலபமாகத் தெரியும்: நீ ரசாயனம் போடவில்லை என்று காட்டு. ஆனால் செய்ததற்குச் சாட்சி காட்டலாம். செய்யாததற்கு?

அதற்குக் காகிதம் வேண்டும். நிலத்தின் வரைபடம் வேண்டும். எத்தனை மரம், யாருடையது, என்ன உரம், எப்போது அறுவடை, எத்தனை கிலோ, எந்த மூட்டையில், எந்த அறையில் என்று எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். பக்கத்து நிலத்திலிருந்து மருந்து காற்றில் வராது என்று காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் போக வாய்ப்பே கிடைக்காத பெரியவர்களிடம் இதையெல்லாம் கேட்கிறார்கள். மரத்தில் பலருக்குப் பங்கு என்றேன் அல்லவா? படிவத்தில் உரிமையாளர் பெயருக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கும்.

காத்திருப்பும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி மரப்பயிருக்கு மாறுகாலம் மூன்று ஆண்டுகள். நிலத்தில் முன்பும் எதுவும் தெளிக்கவில்லை என்று ஆவணத்தோடு காட்டினால் அதைக் குறைக்கலாம். அந்த ஆவணம்தான் பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை.

இதோடு கட்டணமும் சேரும். சோதனைக்கு வருபவரின் செலவைப் பத்து மரம் உள்ள குடும்பம் தனியாகக் கட்டவே முடியாது. இதற்கு ஒரு வழியை 1980களில் லத்தீன் அமெரிக்கக் காப்பி விவசாயிகள் காட்டினார்கள். பல குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்வார்கள். குழுவே ஒவ்வொரு நிலத்தையும் ஆண்டுதோறும் சோதித்துக் கணக்கு எழுதும். வெளியிலிருந்து வருபவர் அந்தக் கணக்கைப் பார்த்து, சில நிலங்களை மட்டும் திரும்பச் சோதிப்பார். ஒருவர் ஏமாற்றினால் எல்லோருடைய சான்றிதழுக்கும் ஆபத்து. அதனால் அக்கம்பக்கத்தார்தான் முதல் காவல்.

அட்லஸ் மக்களுக்கு இது புதிதில்லை. மேய்ச்சல் நிலத்தை ஊர் கூடிச் சில மாதங்கள் மூடிவைத்து, குறித்த நாளில் திறக்கும் 'அக்தால்' என்ற வழக்கம் அங்கே பழையது. ஊர்க் கட்டுப்பாடு முன்பே இருந்தது. அதை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம்தான் புதிது.

கல்லறைக்குப் பக்கத்தில் நாற்றுகள்

அமெரிக்க அமைதிப்படையில் தொண்டர்களாக மொராக்கோவில் இருந்தவர்கள் 2000இல் ஹை அட்லஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அது பழமர நாற்றுகளை வளர்த்துக் கொடுத்தது. பிறகு வால்நட், பாதாம் விவசாயிகள் ஆர்கானிக் சான்றிதழ் பெறவும் உதவியது. நாற்றுப்பண்ணைக்கு நிலம் எங்கே? மொராக்கோவில் ஒரு காலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் யூதர்கள் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் 1948க்குப் பிறகு வெளியேறிவிட்டார்கள். மலையில் அவர்களுடைய ஞானிகளின் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. மராகேஷுக்கு அருகே அக்ரிஷ் என்ற ஊரில், அப்படி ஒரு கல்லறையை ஒட்டிய நிலத்தை யூத சமூகம் நாற்றுப்பண்ணைக்காகக் கொடுத்தது. போனவர்களின் நிலத்தில் முளைத்த நாற்றுகள் இருப்பவர்களின் வயலுக்குப் போயின. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளான நமக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

ஆர்கன் தந்த பாடம்

சான்றிதழும் புகழும் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதே நாட்டின் ஆர்கன் எண்ணெயைப் பாருங்கள். 1990களில் ஜுபைதா ஷரூஃப் என்ற பேராசிரியர் பெண்களின் ஆர்கன் கூட்டுறவுகளுக்கு வழி திறந்தார். பிறகு அந்த எண்ணெய் உலகின் விலை உயர்ந்த எண்ணெய்களில் ஒன்றாயிற்று. 2011இல் வந்த ஓர் ஆய்வு இரண்டு செய்திகளைச் சொன்னது. சில குடும்பங்களின் வருமானம் கூடி, பெண்பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போனார்கள். அதே பணத்தில் ஆடுகள் வாங்கப்பட்டன. ஆடுகள் ஆர்கன் மரங்களையே மேய்ந்தன. நல்ல விலை மட்டும் மரத்தைக் காப்பாற்றாது. அந்த விலையில் எவ்வளவு கிராமத்துக்கு வருகிறது, அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம்.

இப்போது

2023 செப்டம்பர் 8ஆம் தேதி இரவு அல் ஹவுஸ் மாகாணத்தில் 6.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். வால்நட் அறுவடை நேரம் அது. வீடுகள் விழுந்தன, வாய்க்கால்கள் உடைந்தன. மரங்கள் பல நின்றன. ஆனால் தண்ணீர் வராத மரம் எத்தனை நாள் நிற்கும்?

இதற்கிடையே ஐரோப்பாவின் புதிய ஆர்கானிக் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் பெறும் குழு சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும், 2,000 பேருக்கு மேல் போகக் கூடாது என்று அது சொல்கிறது. ஏமாற்றைத் தடுக்க இந்த விதிகள் உதவும். வீட்டையே திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும் ஊருக்கு அவை இன்னொரு கட்டுக் காகிதம்.

விதையிலிருந்து வளரும் வால்நட் மரம் நன்றாகக் காய்க்கப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை அந்தக் குடும்பம் மலையில் தங்க வேண்டும், பிள்ளைகள் நகரத்துக்குக் கூலி வேலை தேடிப் போகாமல் இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் சில திர்ஹாம்களை வைத்துத்தான் பல வீடுகளில் அந்த முடிவை எடுக்கிறார்கள்.