ஓர் எழுத்து மாறினால் ரத்தம் மாறுமா? உயிரணு புரதம் செய்யும் விதம்

இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் எலும்பு மஜ்ஜை பல மில்லியன் புதிய சிவப்பணுக்களை உருவாக்கியிருக்கும்.

ஒவ்வொன்றிலும் ஹீமோகுளோபின் எனும் புரதம் நிறைந்திருக்கும். உடல் முழுக்க உயிர்வாயுவைச் சுமந்துசெல்வது அதுதான்.

சரி, அதை எப்படிச் செய்வது என்று உயிரணுவுக்கு எப்படித் தெரியும்?

செய்முறை எங்கே இருக்கிறது?

உங்கள் டிஎன்ஏ-வில். ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீளமான குறிப்பு அது.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதி, பீட்டா குளோபின். அதற்கான மரபணு 11ஆவது குரோமோசோமில் உள்ளது.

படி 1: நகல் எடுப்பது

டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே வராது. அதனால் தேவையான மரபணு மட்டும் ஆர்என்ஏ-வாக நகலெடுக்கப்படும். அதில் "டி"க்குப் பதில் "யு" இருக்கும்.

பிறகு வேண்டாத பகுதிகள் வெட்டப்பட்டு, மிச்சம் ஒட்டப்படும். இப்போது கிடைப்பதுதான் எம்ஆர்என்ஏ. கோவிட் தடுப்பூசிச் செய்திகளில் கேள்விப்பட்டீர்களே, அதே பெயர்தான்!

படி 2: வாசித்துக் கோப்பது

உட்கருவுக்கு வெளியே ரைபோசோம் காத்திருக்கும். அது எம்ஆர்என்ஏ-வை மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கும்.

- மூன்றெழுத்துச் சொற்கள் மொத்தம் 64
- அவற்றில் 61, அமினோ அமிலங்களைக் குறிப்பவை
- மீதி 3, "போதும், நிறுத்து" என்று சொல்பவை

அமினோ அமிலங்கள் 20 வகை. ஒவ்வொரு சொல்லுக்கும் உரியதை டிஆர்என்ஏ கொண்டுவந்து கொடுக்க, பூச்சரம் மாதிரி அவை கோக்கப்படும். பீட்டா குளோபின் சரத்தில் 146 அமினோ அமிலங்கள்.

இரண்டு பீட்டா சரம், இரண்டு ஆல்ஃபா சரம் சேர்ந்தால் ஹீமோகுளோபின் தயார்.

பிழை வந்தால்?

"மரம் கடல் படம்." இதில் "ர"வை எடுத்துவிட்டு மறுபடியும் மூன்று மூன்றாகப் படித்துப் பாருங்கள். "மம்க டல்ப டம்" என்று வரும். ஒன்றும் புரியாது, இல்லையா? மரபணுவில் எழுத்து விடுபட்டாலும் அதே நிலைதான். அதற்குப் பின் வரும் எல்லாச் சொற்களும் குழம்பிப்போகலாம்.

சில நேரம் எழுத்து விடுபடாமல் மாறிவிடும். தென்கிழக்காசியாவில் பரவலாகக் காணப்படும் ஹீமோகுளோபின் "இ" அப்படிப்பட்டது. பீட்டா சரத்தின் 26ஆம் இடத்துக்குரிய சொல்லில் "ஜி" ஒன்று "ஏ"வாக மாறியிருக்கும். அதனால் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் லைசின் உட்கார்ந்துவிடும்.

இத்தகைய பிழைகளால் குளோபின் சரம் குறைந்தாலோ உருவாகாமல் போனாலோ ஏற்படுவதுதான் தலசீமியா.

உங்களுக்கு ஏன் இது முக்கியம்?

சிங்கப்பூரில் 100 பேரில் சுமார் 3 பேர் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள். பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. லேசான ரத்தச்சோகை இருந்தாலும் இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்துவிடலாம்.

கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வரும் சாத்தியம் 25 விழுக்காடு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றவேண்டியிருக்கும்.

தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனை போதும். சிலருக்கு மட்டும் டிஎன்ஏ பரிசோதனை தேவைப்படலாம். குழந்தை பெறத் திட்டமிடும்முன், முடிந்தால் கல்யாணத்துக்கு முன்பே, இருவரும் செய்துகொள்வது நல்லது.