கிப்லாவைத் தேடிய அறிவு: நம் பிள்ளைகளுக்கு வரைபடம் கற்பிப்போம்

"தொழுகையில் எத்திசை நோக்கி நிற்கிறோம்?" என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் "மேற்கு" என்பர். இதே கேள்விக்கு மதீனாவில் வாழும் பிள்ளை "தெற்கு" என்றும், லண்டனில் வாழும் பிள்ளை "தென்கிழக்கு" என்றும் விடை கூறும். மூன்று விடைகளும் வேறு வேறு. ஆனால் மூவரும் நோக்குவது ஒரே கஅபாவைத்தான்.

நம் பிள்ளைகள் கூறும் "மேற்கு" என்பதும் நுட்பமாகப் பார்த்தால் முழுமையான விடையன்று. சென்னையில் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. காயல்பட்டினத்திலோ அது ஏறத்தாழ 24 பாகை. சில பள்ளிவாசல்களில் சுவர் ஒரு வாக்கிலும் ஸஃப் கோடுகள் சற்றுச் சாய்வாகவும் இருப்பதை நாம் கண்டிருப்போம். "கோடு ஏன் கோணலாக இருக்கிறது?" என்று பிள்ளை கேட்கும்போது, "அப்படித்தான் போட்டிருக்கிறார்கள், பேசாமல் நில்" என்று அடக்கிவிடுகிறோம். அந்தக் கேள்வியைத்தான் நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் பெருமுயற்சியோடு ஆராய்ந்தனர் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

பாலைவனத்தில் அளந்த ஒரு பாகை

பூமி உருண்டை என்பதையும், ஓர் ஊரின் இருப்பிடத்தை இரண்டு எண்களால் குறிக்கலாம் என்பதையும் கிரேக்க அறிஞர் தாலமியின் நூல்கள் வழியாக முஸ்லிம் அறிஞர்கள் அறிந்திருந்தனர். அவ்விரு எண்களுக்கும் அரபியில் அர்ழ், தூல் என்று பெயர்; அதாவது அகலம், நீளம். இன்று நம் பாடநூல்களில் அட்சரேகை, தீர்க்கரேகை என வருபவை இவையே.

கிடைத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு அவர்கள் அமர்ந்துவிடவில்லை. 813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீஃபா அல்மஃமூன் காலத்தில், இன்றைய வட இராக்கிலுள்ள சின்ஜார் சமவெளிக்கு அறிஞர் குழுக்கள் அனுப்பப்பட்டன. ஒரு குழு வடக்கு நோக்கியும் மற்றொன்று தெற்கு நோக்கியும் தரையை அளந்துகொண்டே சென்றன. வானில் துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறியதும் நின்று, கடந்த தூரத்தைக் கணக்கிட்டனர். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 56⅔ அரபு மைல் என்ற அளவு அவ்வாறு கிடைத்தது. அதே காலத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, 2,400க்கும் மேற்பட்ட ஊர்கள், மலைகள், ஆறுகள் முதலியவற்றின் இருப்பிடங்களை எண்களாகத் தொகுத்தார். மத்தியதரைக் கடலின் நீளத்தைத் தாலமி மிகைப்படுத்திக் கூறியிருந்தார். அப்பிழையையும் அவர் பெருமளவு திருத்தினார்.

அல்பிரூனியின் கிரகணம்

இவ்வரலாற்றில் நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியவர் அல்பிரூனி. 973ஆம் ஆண்டு குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த அவர், பதின்ம வயதிலேயே சூரியனின் உச்சி உயரத்தை அளந்து தாம் வாழ்ந்த காத் நகரின் அட்சரேகையைக் கண்டறிந்தார்.

அட்சரேகையை அறிவது எளிது. வானத்தைப் பார்த்தாலே போதும். தீர்க்கரேகை அப்படியன்று. அதற்கு இரண்டு ஊர்களின் நேர வேறுபாடு தெரிய வேண்டும். தொலைபேசியும் வானொலியும் இல்லாத காலத்தில், பக்தாதில் இப்போது என்ன நேரம் என்று காத் நகரிலிருப்பவர் எவ்வாறு அறிவார்? அதற்கு அவர்கள் கண்ட வழி சந்திர கிரகணம். கிரகணம் நிகழும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றே; அப்போது அவ்வவ்வூரில் இருக்கும் நேரம்தான் வேறுபடும். 997ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த கிரகணத்தைக் காத் நகரில் அல்பிரூனியும், பக்தாதில் மூத்த அறிஞர் அபுல்வஃபாவும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு கவனித்தனர். இருவர் குறித்த நேரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு இருந்தது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், இரு நகரங்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாடு தெரிந்துவிட்டது. அப்போது அல்பிரூனிக்கு வயது இருபத்து மூன்று.

பின்னர் 1025ஆம் ஆண்டு அவர் எழுதி முடித்த நூலொன்று, கஸ்னா நகரின் இருப்பிடத்தையும் அங்கிருந்து கிப்லாவின் திசையையும் கணிப்பதையே நோக்கமாகக் கொண்டது. இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையுச்சியில் நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதை அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டவரும் அவரே. அல்மஃமூனின் ஆட்கள் பாலைவனத்தில் நடந்து அளந்ததை, அவர் ஒரு மலையின் மீது நின்று அளந்தார்.

1154இல் சிசிலியில் அல்இத்ரீஸி வரைந்து முடித்த புகழ்பெற்ற உலக வரைபடத்தில் தெற்கு மேலே இருக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வடக்கு மேலே இருப்பது மனிதர் ஏற்படுத்திய வழக்கமே என்பதை அவர்கள் நன்கு உணர்வர்.

நம் கடற்கரையின் இராப்பலகை

இவ்வறிவு நம் கடற்கரைக்கு அந்நியமானதன்று. அரபு மாலுமிகள் "கமால்" என்னும் சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தனர். சோழமண்டலக் கரையின் கடலோடிகள் இத்தகைய கருவியை "இராப்பலகை" என்றனர். செல்ல வேண்டிய துறையின் உயரத்திற்குத் துருவ நட்சத்திரம் வரும்வரை வடக்கிலோ தெற்கிலோ சென்று, பிறகு அந்த உயரம் மாறாமல் கிழக்கிலோ மேற்கிலோ கப்பலைச் செலுத்தினால் கரை வந்து சேரும். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஓட்டிய மரைக்காயர்களின் வழிவந்த நாம், இன்று பக்கத்துத் தெருவுக்கும் கைபேசியைக் கேட்டே செல்கிறோம்.

வீட்டிலேயே தொடங்கலாம்

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. முதலில் பள்ளிவாசலிலிருந்தே தொடங்குவோம். "மூன்றாம் ஸஃபில் ஐந்தாவது ஆள்" என்றால் ஒருவரைத் தவறாமல் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு எண்கள் ஓரிடத்தைக் காட்டும் என்பதே அட்சரேகை, தீர்க்கரேகையின் அடிப்படை. பிறகு மக்கா வடக்கு 21.4, கிழக்கு 39.8 பாகை என்றும், சென்னை வடக்கு 13.1, கிழக்கு 80.3 பாகை என்றும் கூறி, உலக உருண்டையில் இரண்டையும் தேடச் செய்வோம். நம் ஊரிலிருந்து மக்கா வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது நேர் மேற்கே செல்லாமல் வடக்கே சாய்ந்து புறப்படுவதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும்.

இரவில் மொட்டைமாடியில் வடக்கு நோக்கி நிற்கச் செய்வோம். நீட்டிய கையின் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. நாகூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். அதுவே அவ்வூரின் அட்சரேகை.

தீர்க்கரேகைக்குத் தொழுகை நேர அட்டவணையே பாடநூல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கோயம்புத்தூர் சென்னைக்கு மேற்கே மூன்று பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருப்பதால், லுஹர் அங்கு ஏறத்தாழ 13 நிமிடம் பிந்துகிறது.

ஆண்டில் இருமுறை சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. மே 27, 28 தேதிகளில் நம் நேரம் பிற்பகல் 2.48 மணியளவிலும், ஜூலை 15, 16 தேதிகளில் 2.57 மணியளவிலும் இது நிகழும். அந்நேரத்தில் ஒரு கம்பை நேராக நட்டு நிறுத்தினால், அதன் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. கைபேசியின் திசைகாட்டி அருகிலுள்ள இரும்பால் பிறழலாம், சூரியன் பிறழாது.

இதையெல்லாம் அறிந்த பிள்ளை, பழைய பள்ளிவாசலைக் கட்டிய பெரியோரைக் குறைகூறத் தொடங்கிவிடக் கூடாது. கஅபாவைக் கண்ணால் காண முடியாத தொலைவிலுள்ளோர் அதன் திசையை முன்னோக்குவதே போதும் என்று மார்க்க அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். அவர்கள் தமக்கு இயன்ற அளவு முயன்றனர். நமக்கு இயன்றது இன்னும் அதிகம். இருளில் வழியறிய நட்சத்திரங்களை அமைத்ததாக அல்லாஹ் குர்ஆனில் (6:97) நினைவூட்டுகிறான். அந்த அருட்கொடையை நிமிர்ந்து பார்க்கும் பழக்கத்தையேனும் நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வோம், இன்ஷா அல்லாஹ்.