விரைந்து படரும் கொடிகளும் வெயில் புகுந்த காடுகளும்

வெப்பமண்டலக் காடுகளை மூடும் கொடிகளைப் பற்றிய விவாதங்களில் கொடியின் வேகமே முதற்குற்றமாகச் சொல்லப்படுகிறது. வேகம் உண்மைதான். ஆனால் ஒரு கொடி காட்டைக் கெடுக்குமா என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. கொடி சேர்ந்த இடத்தில் அதன் இயற்கை எதிரிகள் உள்ளனவா, மர விதானம் திறந்து கிடக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மரம் தன்னைத் தானே தாங்கி நிற்க வேண்டியிருப்பதால் உணவின் பெரும்பங்கைத் தண்டுக்குச் செலவிடுகிறது. பிறர் தோளில் ஏறும் கொடிக்கு அச்செலவு இல்லை. மெல்லிய தண்டு, அகன்ற நீர்க்குழாய்கள், மிச்சமெல்லாம் இலையும் நீளமும்.

இதற்குத் தக்க சான்று மிக்கானியா மைக்ராந்தா. நடு, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இக்கொடியைக் கேரளத்தில் திருதராட்டிரப் பச்சை என்பர். இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளங்களை மறைக்க அசாமுக்குக் கொண்டுவரப்பட்டது எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது. இளங்கொடி ஒரே நாளில் 8 முதல் 9 செ.மீ. வரை நீளும். கணு ஈரமண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் இறங்கும். ஆகவே அரிவாளால் அறுத்து அங்கேயே போட்டுவிட்டுப் போனால், கணுவுள்ள ஒவ்வொரு துண்டும் புதுச்செடியாகிவிடும். மயிர்க்குஞ்சம் கொண்ட நுண்விதைகளோ காற்றோடு போகின்றன. நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவில் இது ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தின் மேய்ச்சல் தாவரங்களையே மூடிவருகிறது. இத்தனை வீரியம் இருந்தும் அடர்நிழலில் இது தழைப்பதில்லை. கேரளத்தில் இதன் ஆட்சி தேக்கு, வாழை, அன்னாசித் தோட்டங்களிலும் சிதைந்த காடுகளிலும்தான்.

இதற்கு மறுதலையான சான்று நம் குருக்கத்தி. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் இடம்பெற்ற இக்கொடி, பிறந்த மண்ணில் யாருக்கும் தொல்லையில்லை. மூன்று சிறகுள்ள அதன் கனி, இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன், மொரீசியஸ் தீவுகளில் முளைத்தபோது நிலைமை தலைகீழானது. ரீயூனியனின் மேற்குத் தாழ்நில உலர்காடுகளில் எஞ்சிய உள்நாட்டு மரங்களை அது புதராய் மூடுகிறது. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் மிக்கானியாவும் குருக்கத்தியும் சேர்ந்தே உள்ளன. கொடியின் குணம் ஒன்றே. இடம் மாறியதால் விளைவு மாறிற்று.

உள்நாட்டுக் கொடிகளும் தீங்கு செய்கின்றனவே என்று வாதிடலாம். அதில் நியாயமுண்டு. பனாமாவில் மரக்கொடிகளை அகற்றி நடத்திய ஆய்வு, 2015இல் வெளியானது. கொடிகள் இருப்பதால் அக்காட்டின் தரைமேல் நிகரக் கார்பன் சேர்ப்பு ஆண்டுக்குச் சுமார் 76 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. எனினும் அது மீண்டு வளர்ந்துவரும் இளங்காடு. அதே கொடிகள்தாம் விலங்குகளுக்குக் கனியும் மரத்துக்கு மரம் தாவ வழியும் தருகின்றன. கார்பன் கணக்கை மட்டும் பார்த்து எல்லாக் கொடிகளையும் வெட்டுவது சரியாகாது.

உயிரியல் கட்டுப்பாட்டிலும் சூழலே முடிவு சொல்கிறது. மிக்கானியாவை மட்டுமே தாக்கும் பக்சீனியா ஸ்பெகாசினி என்ற துருப்பூஞ்சை பப்புவா நியூகினியில் நிலைபெற்றது. 2005-06இல் அசாமிலும் கேரளத்திலும் விடப்பட்டபோது நிலைக்கவில்லை. ஓரிடத்தில் பலித்தது வேறிடத்திலும் பலிக்கும் என்று எண்ண முடியாது.

எனவே அயல்கொடியைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவதும், வெற்றிடத்தில் உடனே உள்நாட்டு நிழல்மரங்களை நடுவதும் ஒரே பணியின் இரு பாதிகள். வனத்துறைத் திட்டங்களில் முதற்பாதிக்கு மட்டும் நிதி ஒதுக்கினால், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்ய நேரும்.